அவர்களுக்கு அது சொந்த நாடு இல்லை

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவிலிருந்து பூட்டானுக்கு நாடு கடத்தப்பட்ட அகதிகளைப் பற்றி, அது அநியாயம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடு இல்லை. பதிமூன்று வருடமாக அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கிறேன். ஒரு டிராஃபிக் டிக்கெட் விழுந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து வண்டி ஓட்டுகிறேன். இவர்களுக்கு வந்த கையோடு எல்லாம் கிடைத்தது, அப்புறமும் குற்றம் செய்தார்கள். சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அதில் என்ன அநியாயம்? பெற்றோர் காலத்தோடு குடியுரிமை வாங்கியிருந்தால் சிறுவயதுப் பிள்ளைக்கும் கிடைத்திருக்குமே? ஐ.நா. அகதிகள் ஒப்பந்தமே இதை அனுமதிக்கிறதே? கொலை செய்தவனையும் வைத்துக்கொள்ளச் சொல்வீர்களா? என் மகன் மூன்று வயதில் இங்கே வந்தவன், இப்போது பதினாறு. அவனுடைய பாதுகாப்பை நான் யோசிக்க வேண்டாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள தம்பிக்கு,

இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது, அதனால்தான் உடனே எழுதுகிறேன். வரிசையில் நிற்கும் உங்கள் வேதனையை நான் குறைத்துப் பேச மாட்டேன். வருடாவருடம் கொடுக்கும் கிரீன் கார்டுகளில் எந்த நாட்டுக்காரருக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற சட்டத்தால் இந்தியர்கள் அங்கே ஆயுளில் பாதியைக் காத்திருந்தே கழிக்கிறீர்கள். ஆனால் அகதிகளுக்கான ஒதுக்கீடு தனி, அதில் வந்த ஒருவர்கூட உங்களை முந்திப் போகவில்லை. உங்கள் கோபம் தப்பான வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

சொந்த நாடு என்கிறீர்கள். பூட்டானின் தெற்கில் இருந்த நேபாளி பேசும் மக்களிடம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, 1958இலேயே இங்கே இருந்தீர்கள் என்பதற்குக் காகிதம் கொண்டு வா என்றார்கள். 1990ஐ ஒட்டி ஒரு லட்சம் பேருக்கு அந்த நாட்டில் இடமில்லாமல் போனது. நேபாளத்தின் ஜாபா, மோரங் மாவட்ட முகாம்களில் இருபது வருடம். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். 2008 முதல் அவர்களில் பெரும்பகுதியினரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. அங்கே குற்ற வழக்கில் தண்டனை பெற்ற சிலரை 2025 மார்ச்சில் பூட்டானுக்கு விமானம் ஏற்றினார்கள். பூட்டான் என்ன செய்தது தெரியுமா? இந்திய எல்லைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. அவர்கள் இந்தியா வழியாக நேபாளத்துக்குள் போனார்கள், அங்கே அனுமதியின்றி நுழைந்ததாகப் போலீஸ் சிலரைப் பிடித்தது. அப்பனையும் அம்மாவையும் விரட்டிய நாடு பிள்ளையையும் விரட்டியது, அவ்வளவுதான். இதற்குச் சொந்த நாடு என்று பெயர் வைக்க எப்படி மனம் வந்தது உங்களுக்கு?

குடியுரிமை விஷயம். பள்ளிக்கூடம் போகாத, பாதிக் குடும்பத்தைப் பறிகொடுத்த ஒரு விவசாயப் பெண் ஆங்கிலத்தில் தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும் என்கிறீர்கள். தேறவில்லை என்றால் மகன் நாடு கடத்தப்பட வேண்டும், அப்படித்தானே? இதற்கு மேல் இதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

அகதியை ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிற அகதிகள் ஒப்பந்தத்தின் 33ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. அது மிகக் கடுமையான குற்றத்துக்குத் தண்டனை பெற்று, சமூகத்துக்கு ஆபத்தாகவும் இருப்பவருக்கு. பதினெட்டு வயதில் செய்த திருட்டுக்கு நாற்பது வயதில் பிடிப்பதற்காக அதை எழுதவில்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்கப் போன பயணத்தில், தலைநகர் புனோம் பென்னில் ஒருவரைச் சந்தித்தேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறார். பேச்சு அப்படியே கலிஃபோர்னியா. கம்போடியாவில் பிறக்கவில்லை, தாய்லாந்தின் காவ் ஐ டாங் முகாமில் பிறந்தவர். கைக்குழந்தையாகக் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனுக்குப் போனார். பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்லாததால் பல அகதிகளைப் போல அவருக்கும் ஜனவரி 1 என்று எழுதிவிட்டார்கள். போல் பாட் என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில், 1975 முதல் 1979 வரை, ஏறத்தாழ பதினேழு லட்சம் பேர் செத்த நாட்டிலிருந்து தப்பியவர்கள் அந்தப் பெற்றோர். அதற்கு முன்னால் 1969 முதல் 1973 வரை அந்த நாட்டின் மேல் குண்டு போட்டது எந்த நாடு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் கத்திக்கொண்டே விழித்துக்கொள்ளும் அப்பா, பேசவே பேசாத அம்மா, தெருவில் அடிக்கும் பையன்கள். அடிபடாமல் இருக்க இவர்களும் ஒரு கும்பல் சேர்ந்தார்கள். பதின்வயதில் ஒரு வழிப்பறி. ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்றார் வக்கீல். ஒப்புக்கொண்டார், மூன்று வருடத் தண்டனையை முடித்தார்.

1996இல் அமெரிக்காவில் இரண்டு சட்டங்கள் வந்தன. திருட்டு, வன்முறை வழக்குகளில் ஐந்து வருடத் தண்டனை இருந்தால்தான் நாடு கடத்தலுக்கான பெருங்குற்றம் என்று இருந்ததை ஒரு வருடம் என்று இறக்கினார்கள். சிறைக்கே போகாமல் தண்டனையை நிறுத்தி வைத்திருந்தாலும் அது கணக்கில் சேரும். முன்பே முடிந்துபோன வழக்குகளுக்கும் பொருந்தும். குடும்பத்தைப் பார்த்து, திருந்தியதைப் பார்த்து விட்டுவிடும் அதிகாரம் குடிவரவு நீதிபதிக்கு இல்லாமல் போனது. 1998இல் வக்கீலே இல்லாமல் நாடு கடத்தலுக்கான ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டார் அந்தப் பையன். கம்போடியா அப்போது யாரையும் ஏற்கவில்லை. வெளியே வந்து, வேலை பார்த்து, கல்யாணம் செய்து, இரண்டு பெண் குழந்தைகள். 2002இல், நாடு கடத்தப்படுபவர்களை ஏற்றுக்கொள்வதாகக் கம்போடியா ஒப்பந்தம் போட்டது. சில வருடம் கழித்து, குடிவரவு அலுவலகத்தில் வழக்கமாகக் கையெழுத்துப் போடப் போன ஒரு காலையில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வீட்டில் பேசிய கெமர் மொழிதான் அவருக்குத் தெரியும், ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. தான் முதன்முதலாகப் பார்த்த கம்போடியா விமான நிலையம்தான் என்றார். அம்மா பார்க்க வரவில்லை. அந்த மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவள். போனில் அவள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: சோறு போடுகிறார்களா?

தம்பி, இது தண்டனை இல்லை என்கிறது சட்டம். நிதானமாகப் படியுங்கள். 1893இல் நியூயார்க்கில் பிடிபட்ட மூன்று சீனத் தொழிலாளர்களின் வழக்கில், ஃபாங் யூ டிங் வழக்கு என்பார்கள், நாடு கடத்துவது குற்றத்துக்கான தண்டனை ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்கு நடக்கும் எல்லாமே அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. தண்டனை இல்லை, அதனால் அரசு செலவில் வக்கீல் கிடையாது. ஜூரி கிடையாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை தண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு கிடையாது. செய்தபோது இல்லாத சட்டத்தை வைத்துப் பிறகு தண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் கிடையாது. அந்த வழக்கிலேயே நீதிபதி புரூவர் மாறுபட்டு எழுதினார்: வீட்டிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரித்துக் கடல் கடந்து அனுப்புவது தண்டனை, அதுவும் கொடுமையான தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும் என்றார். நூற்று முப்பது வருடமாக அவர் சொன்னது சிறுபான்மைத் தீர்ப்பாகவே கிடக்கிறது. ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படலாம் என்று வக்கீல் எச்சரிக்க வேண்டும் என்பதே 2010இல், உச்ச நீதிமன்றத்தின் படீயா வழக்கில்தான் வந்தது. அதுவும் பழைய வழக்குகளுக்கு உதவாது என்று 2013இல் சொல்லிவிட்டார்கள். என் நண்பர் கணக்கில் சேரவே இல்லை.

அவரோடு சேர்ந்து அதே வழிப்பறியைச் செய்த பையன் அமெரிக்காவில் பிறந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வழக்கு, அதே மூன்று வருடம், வெளியே வந்து வீட்டுக்குப் போயிருப்பான். இவருக்கு மட்டும் ஆயுள் முழுக்கத் திரும்ப முடியாத நாடு கடத்தல். மகள்கள் போனில் வளர்கிறார்கள். இந்த மிச்சத் தண்டனை எந்தக் குற்றத்துக்கு? எந்தப் பிரசவ அறையில் பிறந்தார் என்பதற்குத்தானே? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் தம்பி, மற்றதை விடுங்கள்.

கொலைகாரனைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அவனையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன். சிறையில். அங்கே பிறந்தவனை எத்தனை வருடம் வைப்பார்களோ அத்தனை வருடம். பால் குடிக்கும் வயதிலிருந்து அவனை வளர்த்தது அந்த நாட்டின் தெருவும் பள்ளியும் போலீஸும் என்றால், அவன் செய்த தப்புக்குக் கணக்கு முடிக்க வேண்டிய இடமும் அதுதான். கம்போடியாவின் தலையில் ஏன் கட்ட வேண்டும்? 2025 ஜூலையில் எட்டுப் பேரை, அவர்களில் பெரும்பாலோர் தெற்கு சூடானோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள், வாரக்கணக்கில் ஜிபூட்டியில் கப்பல் கன்டெய்னரில் அடைத்து வைத்துத் தெற்கு சூடானில் கொண்டுபோய் இறக்கினார்கள். வியட்நாம்காரரும் லாவோஸ்காரரும் கியூபாக்காரர்களும் அதில் இருந்தார்கள். அதையும் சொந்த நாடு என்று எழுதுவீர்களா?

கோபத்தில் நிறையச் சொல்லிவிட்டேன், எதையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு வரிதான். மகன் மூன்று வயதில் வந்தான், இப்போது பதினாறு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாததா, இருபத்தொரு வயதுக்குள் உங்கள் கிரீன் கார்டு வராவிட்டால் அவன் உங்கள் விசாவிலிருந்து விழுந்துவிடுவான். வேறு விசா கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான், ஒரு டிராஃபிக் டிக்கெட்கூட வாங்காதவன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா? அவனை இந்தியாவுக்கு அனுப்பும்போது சொந்த நாட்டுக்குத்தானே என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவர்கள் மேல் உங்களுக்கு என்ன கோபம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கோபத்தில் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன்.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அவனுடைய வயதுக் கணக்கு எப்படி வருகிறது, மாணவர் விசாவுக்கு எப்போது மாற வேண்டும் என்று ஒரு நல்ல குடிவரவு வக்கீலிடம் இந்த மாதமே கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா