மாநாடும் ராட்டினமும்

கேள்வி: பெங்களூருவில் சனி, ஞாயிறு எழுத்தாளர் மாநாடு. பிள்ளைகளைக் காரில் கூட்டிப்போய் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவும் காட்ட ஆசை. எதை முதலில் வைப்பது?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மாநாடுதான் முதலில். ராட்டினத்தில் கத்தித் தொண்டை கட்டினால் மேடையில் பேச்சு வராது. இடைவேளையில் போய்வரலாம் என்றும் எண்ணாதீர்கள். பூங்கா மைசூரு சாலையில் பிடதி அருகே, நகரிலிருந்து ஏறக்குறைய 28 கி.மீ.; நெரிசலிலேயே அரை நாள் போய்விடும். பதிப்பாசிரியர்கள் நின்று பேசுவதே தேநீர் வேளையில்தான், அதை விடலாமா?

திங்களன்று அறையைக் காலி செய்துவிட்டு, திறக்கும் நேரத்துக்கே போங்கள். வார நாளில் வரிசை குறைவு (பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு, பரவாயில்லை). காலையில் ராட்டினங்கள், மதியம் தண்ணீர். பருத்தி உடையோடு நீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ராட்டினங்களுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, பிள்ளைகளை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். திரும்பும்போது ஊருக்குள் நுழையாமல் நைஸ் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டி வந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் சேரலாம்.