வாசகர் கேள்வி – பதில்: வீடியோ கேமை ஆய்வு செய்வது எப்படி?

யாழ். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். படை திரட்டிப் போரிடும் ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினி கேமில் சோழர் காட்டப்படும் விதம் பற்றி ஆய்வு செய்ய விருப்பம். “கேமின் கதையை எழுதித் தந்தால் அது ஆய்வாகாது” என்கிறார் மேற்பார்வையாளர். எங்கிருந்து தொடங்குவது?
– மாணவி, திருநெல்வேலி

அவர் சொல்வது சரி. ஒரு கேம் எதைச் செய்ய விடுகிறது, எதற்குப் பரிசு தருகிறது, எதை மறுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விதிகளே வாதம் செய்கின்றன என்பதை கேம் ஆய்வாளர் இயன் போகோஸ்ட் 2007இல் ஒரு நூலாகவே எழுதினார்.

உங்கள் கேமையே எடுங்கள். 2022இல் வந்த ‘டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா’ விரிவாக்கத்தில் விளையாடத் தெரிவுசெய்யும் தரப்புகளில் ஒன்றாகத் ‘திராவிடர்’ சேர்ந்தார்கள். வெளியானபோதிருந்த விதிப்படி, ஆட்டத்தில் அடுத்த யுகத்துக்கு ஏறும்போதெல்லாம் அவர்களுக்கு 200 அலகு மரம் இனாம். மீனவர் கூடுதலாகச் சுமப்பர். திரிசடை என்ற போர்க்கப்பல் அவர்களுக்கு மட்டுமே உரியது. ‘நைட்’ வகைக் குதிரைவீரர் கிடையாது. கதையில் ஒரு வரியும் வரமுதலே, இவர்கள் கடலோடிகள் என்று விதி சொல்லிவிடுகிறது. குதிரைப்படை மெலிந்திருப்பதற்கும் வரலாற்றில் இடமுண்டு. தென்னகம் போர்க்குதிரைகளை அரபு வணிகரிடம் கடல்வழியே வாங்கியது. ஆனால் இவர்களின் தனிப் படைவீரர் ஏந்தும் சுருள்வாள் (உருமி) கேரளக் களரியோடு சேர்த்து அறியப்படுவது. அதையும் இராஜேந்திர சோழனையும் ஒரே ‘திராவிடர்’ பெயருக்குள் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆய்வுக் கேள்வி அங்கேதான் இருக்கிறது. இராஜேந்திரன் ஈழத்தையும் வென்றவன். விளையாடுபவர் நிற்பதோ அவன் பக்கம். எதிரிகளுக்கு என்ன பேச்சு, என்ன நோக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தனியே குறியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் ஒருவர் விடக்கூடாத இடம் அது.

முறைக்கு, மியா கொன்சால்வோவும் நேதன் டட்டனும் 2006இல் ‘கேம் ஸ்டடீஸ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரையைப் பிடியுங்கள். இதழ் 2001 முதல் இணையத்தில் இலவசம். கேமில் உள்ள பொருட்களின் பட்டியல், திரை காட்டும் தகவலும் மறைக்கும் தகவலும், பாத்திரங்களோடு பழகக் கிடைக்கும் தெரிவுகள், விளையாட்டுக் குறிப்பேடு என நான்கு பக்கமாகப் பார்க்கச் சொல்கிறார்கள். இளநிலை ஆய்வுக்கு நான்கும் வேண்டாம். பட்டியலையும் குறிப்பேட்டையும் ஒழுங்காகச் செய்தால் போதும்.

முதல் தடவை சும்மா விளையாடுங்கள். அடுத்த தடவை, ஒரு மணித்தியாலம் விளையாடியதும் இருபது நிமிடம் எழுதுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் வென்றதும் தோற்றதும்தான் நினைவில் நிற்கும். மூன்றாம் தடவை கேம் விரும்பாததை வேண்டுமென்றே செய்யுங்கள். கப்பலே கட்டாமல் விளையாடிப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்பதே தரவு.

திரையை ‘ஓபிஎஸ்’ மென்பொருளில் பதியலாம். பதிவின் பிட்ரேட்டை (ஒரு வினாடிக்கு எழுதப்படும் தரவின் அளவை) 2500 கேபிபிஎஸ் என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு 1.1 ஜிபி அளவில் வரும். கோப்பை எம்கேவி வடிவில் பதியுங்கள். சாதாரண எம்பி4இல் பதியும்போது கரண்ட் போனால் கோப்பின் முடிவு எழுதப்படாமல் போய், முழுப் பதிவும் திறக்காது. எம்கேவியில் அதுவரை பதிந்தது மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக்கலாம். கேமின் பதிப்பெண்ணையும் விளையாடிய திகதியையும் எழுதி வையுங்கள். அப்டேட் வந்தால் விதி மாறும், நீங்கள் எழுதியது பிழை என்று ஆகிவிடும்.

எங்கள் பாடசாலையில் பெடியன்கள் ‘ஃப்ரீ ஃபயர்’ என்ற ஃபோன் துப்பாக்கிச் சண்டைக் கேம் விளையாடுவது பற்றி 100 பேரிடம் வினாக்கொத்துக் கொடுக்கலாமா?
– ஆசிரியர், சாவகச்சேரி

கொடுக்கலாம், ஆனால் அதோடு நிற்காதீர்கள். “ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்?” என்று ஆசிரியரே கேட்டால் குறைத்துத்தான் எழுதுவார்கள். எட்டுப் பத்துப் பேர் விளையாடும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பது அதைவிடக் கூடிய பலன் தரும். ஐம்பது பேர் மோதும் ஓர் ஆட்டம் பத்து நிமிடமளவில் முடிவதால், ஒரு பின்னேரத்திலேயே பல ஆட்டம் பார்க்கலாம். ஃபோன் யாருடையது, டேட்டாவுக்கு யார் ரீலோட் போட்டது, விளையாடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பவர் யார் என்று கவனியுங்கள். விலை குறைந்த ஃபோனிலும் ஓடும் கேம் என்பதால் இந்தக் கேள்விகளுக்குக் கனம் அதிகம்.

நீங்கள் படிப்பிக்கும் வகுப்பை எடுக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த பதில்தான் வரும். பிள்ளைகள் 18 வயதுக்குக் குறைந்தவர்கள். பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் அதிபரின் அனுமதியும் தேவை. பல்கலைக்கழகப் பட்டத்துக்கான ஆய்வென்றால் தரவு எடுக்கமுதல் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். பிள்ளையின் பெயரை மறைத்துவிட்டு, கேமில் பாவிக்கும் புனைபெயரோடு ஸ்கிரீன்ஷொட் போடுவது பலர் விடும் தவறு. அந்தப் பெயரைத் தேடினாலே ஆளைப் பிடிக்கலாம்.

தாயம், கிட்டிப்புள்ளோடு வீடியோ கேமை ஒப்பிடலாமா?
– வாசகர், பருத்தித்துறை

தாராளமாக. பிரெஞ்சு அறிஞர் ரோஜே கயுவா 1958இல் விளையாட்டுகளைப் போட்டி, அதிர்ஷ்டம், பாவனை, கிறுகிறுப்பு என நான்காகப் பிரித்தார். கிட்டிப்புள் போட்டி, மண்சோறு சமைப்பது பாவனை, ஊஞ்சல் கிறுகிறுப்பு. தாயத்தில் சோகி விழுவது அதிர்ஷ்டம், எந்தக் காயை நகர்த்துவது என்பது சாமர்த்தியம். ‘ஃப்ரீ ஃபயர்’இலும் இறங்கிய இடத்தில் என்ன துவக்குக் கிடக்கும் என்பது அதிர்ஷ்டம், பிறகு நடப்பது போட்டி. இரண்டும் எந்த விகிதத்தில் கலக்கின்றன, தோற்றவர் எதைக் குறை சொல்கிறார் என்று கேட்டுப் பதியுங்கள். பெயர் சூட்டுவதோடு விட்டால் கட்டுரை இரண்டு பக்கத்தைத் தாண்டாது.