தைப்பூசத்துக்கு மொரீசியஸ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஏழு திரை விலக்கி ஜோதி பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். வரும் பூசத்துக்கு மொரீசியஸ் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பிள்ளைகள் இருவர், எழுபது வயது அம்மா. அம்மா சுத்த சைவம், முழங்கால் வலியும் உண்டு. ஏஜென்ட் கடற்கரை ரிசார்ட்டில் ஐந்து நாள் பேக்கேஜ் சொல்கிறார், பூசத்துக்கு மறுநாளே திரும்ப விமானம். இது சரிவருமா? இங்கிருந்து என்னென்ன கொண்டுபோகலாம்? இன்னொன்று, கொள்ளுத் தாத்தாவின் சித்தப்பா ஒருவர் காரைக்காலில் கப்பலேறி ‘மோரீசு’ போனார் என்று வீட்டில் பேச்சு. அவர் வழிவந்தவர்களைத் தேட முடியுமா?

ச., கடலூர் முதுநகர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

அந்தப் பேக்கேஜ் வேண்டாம். தங்கும் இடமும் சரியில்லை, திரும்பும் நாளும் சரியில்லை.

நமக்குத் தை என்றால் மழை ஓய்ந்து அறுப்பு முடிகிற மாதம். மொரீசியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே கோடை, அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரை புயல் மாதங்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு வெளியூர்க் குடும்பம் கடலில் குளிக்கவென்று தேவனாம்பட்டினத்தில் ஐந்து நாள் அறை எடுத்தால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையே நானும் சொல்கிறேன். பூசத்தைப் பார்க்கப் போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் புயலுக்கும் இடம் விட்டுத் திட்டம் போடுங்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் பக்கத்து ரியூனியன் தீவைத்தான் தாக்கியது, மொரீசியஸுக்குத் தெற்கே விலகித்தான் போனது. அதற்கே தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களைப் புரட்டிக்கொண்டு ஓடியது.

அவர்களுடைய எச்சரிக்கை முறையைப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் தெரிந்துகொண்டு போவது நல்லது. கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண் கப்பல்காரர்களுக்கானது. புயல் எவ்வளவு வலுவானது, துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்று அது சொல்லும். மொரீசியஸில் 1 முதல் 4 வரையுள்ள எண்கள் வீட்டில் இருப்பவர்களுக்கானவை. கையில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே அவற்றின் கணக்கு. 1 அறிவித்தால் 36 முதல் 48 மணி நேரம் உண்டு. 2 என்றால், மணிக்கு 120 கி.மீ. காற்று வருவதற்கு முன்பு பகல் வெளிச்சமாகவே 12 மணி நேரம் கிடைக்கும்படி அறிவிப்பார்கள். 3 என்றால் அந்தப் பகல் 6 மணி நேரமாகிவிடும். 4 என்றால் காற்று வந்தேவிட்டது.

3 அறிவித்தவுடன் பேருந்து நின்றுவிடும், கடைகள் அடைபடும், எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். விமானங்களும் நிற்கும். வெளியூர்க்காரர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது இங்கேதான்: 2 வரை சும்மா இருந்துவிட்டு, 3 கேட்டதும் கடைக்கு ஓடி, இழுத்துமூடிய ஷட்டரைப் பார்த்துத் திரும்புவார்கள். 1 அறிவித்த அன்றே வாங்கி முடித்துவிடுங்கள். ஆளுக்குத் தினம் 3 லிட்டர் குடிநீர் என்றால் ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர். அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடிய ரொட்டி, பிஸ்கட், பழம், டார்ச்சுக்கு பேட்டரி, அம்மாவின் மாத்திரை, கொஞ்சம் ரொக்கம். மின்சாரம் போனால் பம்ப் ஓடாது, குழாயும் வற்றும். அதனால் இருக்கிற வாளி, அண்டா எல்லாவற்றிலும் கழுவுவதற்குத் தண்ணீர் பிடித்து வையுங்கள். காற்று திடீரென்று ஓய்ந்தால் கதவைத் திறக்காதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம், எதிர்த்திசையிலிருந்து மறுபடி அறையும். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ என்ற புயலைக் கண்ட ஊர்க்காரருக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

பூசத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று நாள் விட்டுத் திரும்ப டிக்கெட் போடுங்கள். பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுக்கும் அன்றே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால், அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது.

தங்குவதற்குக் கடற்கரை வேண்டாம், சமையலறை உள்ள வீடாகக் காத்ர் போர்ன் அல்லது ரோஸ் ஹில்லில் பாருங்கள். இரண்டும் தீவின் உட்புற மேட்டில் இருப்பதால் போர்ட் லூயியைவிட வெக்கை குறைவு. இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டு போர்ட் லூயிக்கு மெட்ரோ ரயில் போகிறது. காத்ர் போர்ன் சந்தையில் புதன், சனி காய்கறி, வியாழன், ஞாயிறு துணிமணி. கிராமப்புறப் பேருந்துகள் மாலை ஆறு, ஆறரையோடு முடிந்துவிடும். வெளியே போனால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

பூசம் அங்கே நாடு முழுக்கப் பொது விடுமுறை. பத்து நாள் முன்பே கொடியேற்றி விரதம் தொடங்கிவிடும். நீங்கள் காவடி எடுப்பதானால் கொடியேற்றத்துக்கு முன்பே போய்ச்சேர்ந்து, கோயிலில் பெயர் கொடுத்து, பத்து நாளும் விரதம் இருக்க வேண்டும். பூசத்துக்கு முந்தின நாள் போய் இறங்கி ‘நானும் எடுக்கிறேன்’ என்று நிற்பது முறையாகாது. பார்க்க மட்டும் போவதானால் விடியற்காலையிலேயே புறப்படுங்கள். மரச்சட்டத்தில் வளைவு கட்டி, குருத்தோலையும் பூவும் சுற்றி, இரு பக்கமும் பால் செம்பு தொங்கவிட்ட காவடிகள் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பும். நம்மூரில் பச்சையும் மஞ்சளும் கண்ணை நிறைக்கும், அங்கே ரோஜா நிற உடைதான் தெருவெல்லாம். கோயில் சேரும்வரை செம்புப் பால் திரியாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு மிக முக்கியம்.

அந்த நாட்களில் உச்சிவேளைச் சூரியன் அந்தத் தீவுக்குக் கிட்டத்தட்ட நேர்மேலே நிற்கும். பத்து மணிக்கெல்லாம் தார்ச்சாலை காலைச் சுட்டுவிடும். அம்மாவை ஊர்வலத்தோடு நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். கோர் தெ கார்ட் மலைச்சரிவில் இருக்கும் சுப்பிரமணியர் கோயில் பார்க்க அத்தனை அழகு, ஆனால் ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்குப் போர்ட் லூயியில் கைலாசம் என்று அழைக்கப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் வசதி. குடையோடு போய் முன்னதாகவே நிழலில் உட்கார்ந்துகொள்ளட்டும். அலகு குத்தியவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். வழிபாடு முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறியோடு சோறு போடுவார்கள். பூசணி, பலா, கத்தரி, கீரை, ரசம், பாயசம் எல்லாம் அதில் வரும், யார் வந்தாலும் இலை உண்டு. அம்மாவுக்கு அன்று வயிறும் மனமும் நிறையும்.

மற்ற நாட்களில் தெருக்கடையில் தால் பூரி வாங்குங்கள். வேகவைத்து அரைத்த பருப்பை மாவுக்குள் வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி. இரண்டு ரொட்டியை ஒன்றாக வைத்து, மொச்சை வகைக் குழம்பும் தக்காளித் தொக்கும் தடவிச் சுருட்டித் தருவார்கள். ‘காத்தோ பிமான்’ என்பது நம் பருப்பு வடைக்குத் தங்கை, காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். சீனக் கடை நூடுல்ஸை அம்மாவுக்கு வாங்கித் தராதீர்கள். காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும் மீன் அல்லது சிப்பி சாஸ் சேர்ந்திருக்கலாம்.

கொண்டுபோவதில் கண்டிப்பாக இருங்கள். கறிவேப்பிலை, வெற்றிலை, மாவிலை, பூ, பழம், விதை எதையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் இறக்க முடியாது. பொங்கல் மிச்சம் என்று கரும்புத் துண்டு பையில் இருந்துவிடப் போகிறது, அதற்கு அறவே தடை. கரும்பை நம்பிப் பிழைத்த தீவு அது, நோய் வந்துவிடும் என்ற பயம் நியாயமானது. விபூதி, குங்குமம், வேல் கொண்டுபோகலாம். கடையில் அடைத்த பொடி வகைகளையும் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரைகளுக்கு முன் அனுமதி தேவை. அம்மாவின் முழங்கால் மாத்திரைப் பட்டியலை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துச் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். கொசு விரட்டி மறக்க வேண்டாம், 2025-ல் அங்கே சிக்குன்குனியா பரவியது.

கடலில் இறங்க ஆசைப்பட்டால் மேற்குக் கரை ஃபிளிக் அன் ஃபிளாக். பவளப்பாறைக்கு உள்ளே நீர் அமைதியாக இருக்கும், கரையெல்லாம் சவுக்கு நிழல். ரப்பர் செருப்பு போட்டு இறங்குங்கள், கல்லைப் போலவே கிடக்கும் விஷமுள்ள கல்மீனின் முள் குத்தினால் வலி தாங்காது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். தெற்கே கிரி கிரியில் பாறை அரண் இல்லை, அங்கே பார்ப்பதோடு சரி.

இனி உங்கள் முன்னோர். அவர் காரைக்காலில் ஏறினார் என்பது சரியானால், ஒப்பந்தக் கூலியாக மொரீசியஸ் போயிருக்கும் வாய்ப்பு குறைவு. பிரிட்டிஷ் மொரீசியஸுக்குத் தமிழர்கள் பெரும்பாலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் கப்பல்கள், பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட 1861 உடன்படிக்கைக்குப் பிறகு பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள் ஏற்றின, ரியூனியனுக்கு 1882 வரை. வீட்டுப் பேச்சில் இரண்டு தீவும் ‘மோரீசு’ ஆகிவிடுவதுண்டு. ஆகவே ரியூனியனின் தலைநகர் சேன் தெனியில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கும் எழுதுங்கள். மொரீசியஸ் பக்கம் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில்தான் குடியேறியவர் பதிவேடுகள் இருக்கின்றன. வந்தவரின் எண், கப்பல், தந்தை பெயர், வயது, உயரம், ஊர், மாவட்டம் வரை எழுதியிருக்கும், சிலருக்குப் புகைப்படமும் உண்டு. எண் தெரியாத உங்களுக்குத் தந்தை பெயரும் ஊரும் உத்தேச ஆண்டும்தான் துணை. ‘கடலூர்’ என்று மட்டும் தேடாதீர்கள், ‘தென்னாற்காடு’ என்றும் தேடச் சொல்லுங்கள். முருகன், முத்து என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பலவிதமாக மாறியிருக்கும். இந்த விவரங்களை இரண்டு மாதம் முன்பே எழுதியனுப்பி, நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். பூசத்தன்று அந்த அலுவலகமும் விடுமுறை.

அன்புடன்.