‘அந்தக் காலம் அப்படி’ என்று விட்டுவிடலாமா?

கேள்வி: நியூசிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஜேம்ஸ் ப்ரெண்டர்காஸ்ட், அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுடன் பிரிட்டிஷ் அரசு 1840இல் செய்துகொண்ட வைதாங்கி ஒப்பந்தம் செல்லாது என்று சொன்னதற்காக இன்றும் அவரைத் தூற்றுகிறார்கள். அந்தக் காலத்தில் எல்லோருமே அப்படித்தானே நினைத்தார்கள்? 24 ஆண்டுகள் பதவி வகித்தவரை ஒரே தீர்ப்பை வைத்து எடைபோடலாமா?

பதில்: எல்லோரும் அப்படி நினைக்கவில்லை என்பதுதான் அவருக்கு எதிரான பெரிய சாட்சியம்.

1847இலேயே நியூசிலாந்து உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேப்மன், மண்ணின் மக்களின் நில உரிமையை மதித்தே தீரவேண்டும், அமைதிக் காலத்தில் அவர்களே மனமுவந்து சம்மதித்தாலன்றி அதைப் பறிக்க முடியாது என்று எழுதிவிட்டார். தலைமை நீதிபதி மார்ட்டினும் அவரோடு உடன்பட்டார். ப்ரெண்டர்காஸ்ட் லண்டனிலிருந்து நியூசிலாந்து வந்து சேர்ந்ததே அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான்.

1877 வழக்கைப் பாருங்கள். வெலிங்டனுக்கு வடக்கே ஃபிட்டிரெயா என்ற இடத்தில், தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுவதற்காக நாட்டி டோவா என்ற மாவோரி இனத்தார் 1848இல் நிலம் கொடுத்தார்கள். 1850இல் அரசு அந்த நிலத்தை ஆங்கிலிக்கன் பிஷப் பெயருக்கு எழுதிக்கொடுத்தது. கொடுத்தவர்களின் சம்மதத்தைக் கேட்கவில்லை. பள்ளி கட்டப்படவே இல்லை. முன்பு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மாவோரித் தலைவர் வீ பராட்டா, நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வழக்குப் போட்டார். கேட்டது அவ்வளவுதான்.

பிஷப்பின் கணக்கைப் பார்த்து, நம்பி ஒப்படைத்த சொத்து என்ன ஆயிற்று என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். ப்ரெண்டர்காஸ்ட் அதோடு நிற்கவில்லை. மாவோரிகளுக்கு நாகரிகமான அரசு இருந்ததில்லை, ஆகவே 1840 ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை, நில விஷயத்தில் அரசு செய்ததை நீதிமன்றம் கேட்க முடியாது என்று போனார். மாவோரி வழக்காறுகளை ஏற்கும் சட்டம் 1865இலிருந்தே அமலில் இருந்தது. இவர் சட்ட மேலவைக்குள் நுழைந்ததும் அட்டர்னி ஜெனரல் ஆனதும் அதே ஆண்டில்தான். அந்தச் சட்டத்தையோ, இல்லாத ஒன்றைச் சட்டத்தில் வரும் ஒரு சொற்றொடர் உண்டாக்கிவிட முடியாது என்று தள்ளினார். பக்கத்தில் அமர்ந்திருந்த நீதிபதி ரிச்மண்ட், ஒரு காலத்தில் மாவோரி விவகார அமைச்சர். ஒரு காலத்தில் அரசுத் தரப்பில் இருந்தவர்கள் நீதிபதியாக அமர்ந்து, அரசைக் கேள்வி கேட்க முடியாது என்றால் அதை நடுநிலை என்று நான் எப்படி ஏற்பேன்?

ஒரே தீர்ப்பு என்கிறீர்கள். நிலப் பறிப்பை ஆயுதமின்றி எதிர்த்து நின்ற மாவோரிக் கிராமமான பரிஹாக்காவை மறந்துவிட்டீர்களா? 1881இல் கவர்னர் ஆர்தர் கார்டன் ஃபிஜிக்குப் போயிருந்தார். (பின்னாளில் இலங்கைக்கும் கவர்னராக வந்தவர்.) அவர் இல்லாதபோது அவர் அதிகாரம் தலைமை நீதிபதியான ப்ரெண்டர்காஸ்ட்டிடம் இருந்தது. கார்டன் மாவோரிகள்பால் பரிவு கொண்டவர் என்பதும், அவர் திரும்பி வந்துகொண்டிருக்கிறார் என்பதும் அமைச்சர்களுக்குத் தெரியும். அக்டோபர் 19 இரவு அவசர அவசரமாகக் கூட்டம் கூட்டினார்கள். அரசின் நிபந்தனைகளை ஏற்கும்படி பரிஹாக்கா மக்களுக்கு 14 நாள் கெடு விதிக்கும் அறிவிப்பில் ப்ரெண்டர்காஸ்ட் கையெழுத்திட்டார். சில மணி நேரத்தில் கார்டன் வந்து இறங்கினார். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

நவம்பர் 5 காலை சுமார் 1,600 படையினர் அந்தக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். எதிரே வந்தவர்கள் பாட்டுப் பாடிய குழந்தைகள். ஊரார் ரொட்டி சுட்டு வைத்திருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆயுதமின்றி மைதானத்தில் அமர்ந்திருந்தார்கள். தலைவர்கள் தெ ஃபிட்டியும் தோஹுவும் கைதாகி, விசாரணையின்றியே அடைத்துவைக்கப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. ப்ரெண்டர்காஸ்ட்டுக்கு அதே ஆண்டில் சர் பட்டம் கிடைத்தது.

அவர் உழைப்பாளி, குற்றவியல் சட்டங்களைத் தொகுத்து ஒழுங்குபடுத்தியவர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிலம் இழந்தவனுக்கு அதனால் என்ன கிடைத்தது?

இன்றைய அளவுகோலை வைத்து நான் அளக்கவில்லை. 1901இல், அன்று நியூசிலாந்து வழக்குகளுக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலே, மாவோரிகளுக்கு நீதிமன்றம் அறியத்தக்க நில உரிமை இல்லை என்ற வாதத்தை ஏற்க மறுத்தது. அப்போது ப்ரெண்டர்காஸ்ட் ஓய்வு பெற்று இரண்டே ஆண்டுகள். ஆனாலும் உள்ளூர் நீதிபதிகளும் சட்டமன்றமும் அவருடைய வழியைவிட்டு விலகவில்லை. 1877 தீர்ப்பை நியூசிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக ஒதுக்கித்தள்ள 2003 வரை ஆயிற்று. வழக்குப் போட்ட வீ பராட்டா 1906இலேயே இறந்துவிட்டார்.