சட்டத்தின் முதல் பிரிவில் வரும் ‘அளாவுகை’ என்றால் என்ன?

சட்டம் எந்த நிலப்பரப்பில் செல்லும் என்கிற எல்லைதான் அளாவுகை. பெரும்பாலும் முதல் பிரிவிலேயே, ‘இது தமிழ்நாடு முழுவதும் அளாவும்’ என்பதுபோல இருக்கும். யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியிலிருந்து என்பவை வேறு கேள்விகள்.

செங்கோட்டையைப் பாருங்கள். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. எல்லை மாறிய அன்றே சட்டம் மாறவில்லை! மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 119-ஆம் பிரிவுப்படி, சட்டமன்றம் மாற்றும்வரை பழைய சட்டங்களே அங்கே நீடித்தன. 1957-ல் தனிச் சட்டம் போட்டுத்தான் சென்னை மாநிலச் சட்டங்கள் பலவற்றை அங்கே நீட்டினார்கள்.

ஆகவே அந்தப் பக்கத்துப் பழைய பத்திரத்தைப் படிக்கும்போது, அது எழுதப்பட்ட தேதியில் எந்தச் சட்டம் அங்கே அளாவியிருந்தது என்று முதலில் பாருங்கள். முன்பிருந்தே சென்னை மாநிலத்தில் இருந்த அம்பாசமுத்திரத்துக்குச் சரியான பதில் செங்கோட்டைக்குத் தவறாகிவிடலாம்.