பெரிய மீன் தொட்டி கசிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். குடிவந்தபோது, மீன் தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டு உரிமையாளர் வாய்மொழியாகச் சொன்னார். அப்போது என்னிடம் இருந்தது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி. இப்போது நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட ஒன்றை வாங்கியிருக்கிறேன். இன்னும் நீர் நிரப்பவில்லை. அதற்குள் கீழ்வீட்டுக்காரர், தளம் தாங்காது, நீர் ஒழுகினால் நீங்கள்தான் பொறுப்பு என்று கடிதம் கொடுத்துவிட்டார். சங்கச் செயலாளர் தொட்டியை அகற்றச் சொல்கிறார். இவர்களுக்கு அந்த உரிமை உண்டா? பழைய தொட்டியில் பெரிதாகிவிட்ட, கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீனைக் குளத்தில் விடலாமா?

பதில்: நீர் நிரப்புவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். பாதி வழக்கு அங்கேயே தவிர்ந்துவிட்டது.

வாய்மொழி அனுமதியும் அனுமதிதான். ஆனால் உரிமையாளர் எதை மனத்தில் வைத்துச் சொன்னாரோ, அந்த அளவுக்கே அது செல்லும். அவர் பார்த்த தொட்டியில் ஏறத்தாழ 57 லிட்டர் நீர் பிடிக்கும். புதியதில் 255 லிட்டர். நீளம்தான் இரு மடங்கு, நீரோ நாலரை மடங்கு. லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் நீரின் எடையே 255 கிலோ. கண்ணாடி, சரளைக்கல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் 350 கிலோவைத் தாண்டிவிடும். இதற்கும் அவர் அன்றே சம்மதித்தார் என்று நீதிபதி முன் வாதாட நான் தயங்குவேன். அளவு, கொள்ளளவு, எந்த அறையில் எந்தச் சுவரையொட்டி என்பதைக் குறிப்பிட்டு அவரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கட்டடத்துக்குச் சேதம் விளைவிப்பது பற்றிய பிரிவு இருந்தால் அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

தளம் தாங்குமா என்பது வழக்கறிஞர் சொல்லும் விஷயமல்ல. பல நாடுகளில் வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமைக்கு (ஆட்கள், சாமான்களின் எடைக்கு) கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். உங்கள் தொட்டி அரை சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடத்தில் 350 கிலோவை இறக்குகிறது. அதனால் தளம் இடிந்துவிடும் என்று பொருளல்ல; சுமை சுற்றிலும் பரவும், உத்திரத்தின் மேலோ சுமைதாங்கும் சுவரின் ஓரமோ வைத்தால் நிலைமை வேறு. இதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும்.

இனி, கீழ்வீட்டுக்காரர் கொடுத்த அந்தக் கடிதம். என் கணக்கில் இந்த விவகாரத்தின் கனமான காகிதம் அதுதான். நீர் கசிந்து அண்டை வீட்டுக்குச் சேதம் என்றால், பொதுவாக நீதிமன்றம் கேட்பது இரண்டு: ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்திருக்க முடியுமா, உணர்ந்தும் நியாயமான கவனம் எடுக்கவில்லையா? முதல் கேள்விக்கு ‘தெரியாது’ என்று சொல்லும் வழியைக் கீழ்வீட்டுக்காரர் அடைத்துவிட்டார். எனவே மௌனம் வேண்டாம். பொறியாளரின் கடித நகலை இணைத்து மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அதே காகிதம் அப்போது உங்கள் கவனத்துக்குச் சாட்சியாக மாறிவிடும்.

‘ஒழுகினாலே பொறுப்பு’ என்று அவர் சொல்வதற்கும் ஓர் அடிப்படை உண்டு. 1868-இல் தீர்ப்பான ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கில், ஆலைக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து நீர் பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்தது. தவறு செய்தாரா இல்லையா என்றே பார்க்காமல், தேக்கியவரே பொறுப்பு என்றது அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை. ஆனால் 1913-இல் தீர்ப்பான ரிக்கர்ட்ஸ் எதிர் லோதியன் வழக்கில், மேல்மாடிக் கைகழுவும் தொட்டியை யாரோ வேண்டுமென்றே அடைத்துக் குழாயைத் திறந்துவிட்டுப் போக, கீழே இருந்த சரக்கு நாசமானது. வீட்டுக்கு நீர் கொண்டுவருவது சாதாரணப் பயன்பாடு என்று கூறி, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் மேல்முறையீடுகளை விசாரித்த பிரிவி கவுன்சில் கட்டட உரிமையாளரை விடுவித்தது. 255 லிட்டர் மீன் தொட்டி இரண்டில் எதற்கு நெருக்கம்? பின்னதற்கே என்பது என் கருத்து. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முன்னதைச் சொல்லத்தான் செய்வார்.

கண்ணாடி வெடிப்பதைவிட அதிகம் நடப்பது இது: நீர் மாற்றும்போது குழாயை நிரம்பும் தொட்டியில் போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுக்க அடுத்த அறைக்குப் போவது. அதற்கு எந்த முன்தீர்ப்பும் உங்களைக் காப்பாற்றாது. அப்பட்டமான கவனக்குறைவு.

சிலிக்கான் ஒட்டு பிரிந்தால் விற்றவர் மீதோ தயாரிப்பாளர் மீதோ கோரலாம். அவர்களுடைய முதல் பதில், தாங்கி மட்டமாக இல்லை என்பதாகத்தான் இருக்கும். ரசமட்டம் வைத்துப் படம் எடுங்கள். மீன்களை விடுமுன் நிரப்பி ஓரிரு நாள் கசிவு பார்த்து, அதையும் தேதியோடு பதிவுசெய்யுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால், மூன்றாம் நபருக்கான சேதத்தை அது ஏற்குமா என்று கேளுங்கள். திடீர் வெள்ளத்தை ஏற்று, மெல்ல ஊறும் கசிவை விலக்கிவைக்கும் பாலிசிகள் நிறைய.

செயலாளரின் சொந்த அபிப்பிராயம் விதியாகிவிடாது. எந்தத் துணைவிதியின்படி அகற்றச் சொல்கிறார் என்று எழுதிக் கேளுங்கள். ஆனாலும் தளமும் உத்திரமும் பல குடியிருப்புகளில் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றின் பாதுகாப்பு பற்றிக் கேட்கச் சங்கத்துக்கு நியாயம் உண்டு. பொறியாளர் கடிதம் வரும்வரை தொட்டியைக் காலியாகவே வைத்திருங்கள். காலித் தொட்டியை அகற்றச் சொல்ல நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சக்கர் மீனைக் குளத்தில் விடாதீர்கள். அது தென்னமெரிக்க மீன். அயல் இன மீன்களை இயற்கை நீர்நிலைகளில் விடுவது பல நாடுகளில் குற்றம். வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், புதிய தொட்டியின் முதல் குடித்தனக்காரர் அதுவாகவே இருக்கட்டும்.