சல்லடையின் பெயர் மறந்தால் மறதி நோயா?

கேள்வி: அம்மாவுக்கு 69 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். ஒரு வருடமாகப் பேச்சின் நடுவே சொல் வராமல் நின்றுவிடுகிறார். சல்லடை என்று சொல்ல வராமல், "அதான்டி, மாவு சலிக்கிறது, ஆணியில மாட்டியிருக்குமே" என்கிறார். பேரன்களின் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார். 12 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். தூக்கத்துக்கும் ஒரு மாத்திரை உண்டு. இது டிமென்ஷியாவா?

பதில்: அம்மா சொன்னதாக நீங்கள் எழுதிய வாக்கியத்திலேயே நல்ல சேதி இருக்கிறது. சல்லடை எதற்கு, எங்கே மாட்டியிருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிகிறது. பெயரின் ஒலி மட்டும் அந்த நேரத்துக்கு வரவில்லை. பொருளைப் பற்றிய அறிவையும் அதன் பெயரின் ஒலியையும் இணைக்கும் தொடர்பு வயதாக ஆகத் தளர்கிறது. அதனால்தான் சொல் நாக்கு நுனியில் நிற்கிறது. பத்து நிமிடம் கழித்து, பாத்திரம் கழுவும்போது தானாக வருகிறது. ஆட்களின் பெயர்தான் அதிகம் சிக்கும். "நீடாமங்கலத்துல வாக்கப்பட்டாளே, அவ நாத்தனாரு" என்று உறவு முழுக்கச் சொல்லிவிட்டுப் பெயருக்குத் தவிப்பார்கள். உறவுக்கும் ஊருக்கும் அர்த்தம் உண்டு, பெயருக்குப் பற்றிக்கொள்ள அப்படி எதுவும் கிடையாது. பேரன்களின் பெயர் மாறுவதை நான் பொருட்படுத்த மாட்டேன். இளம் தாய்மார்களும் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கவலைப்பட வேண்டியவை வேறு. சல்லடையைக் கையில் கொடுத்தும் "இது எதுக்கு?" என்று கேட்பது. முறம் என்று சொல்லிவிட்டு, தவறென்றே உணராமல் இருப்பது. 'அது, இது, அந்த இடம்' மட்டுமே மிஞ்சி, கேட்பவருக்கு விஷயமே புரியாமல் போவது. இதோடு வேலையிலும் தடுமாற்றம் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும்: கேட்டதையே ஒரு மணி நேரத்தில் நாலு தரம் கேட்பது, கைப்பழக்கமான வத்தக்குழம்பில் அடுத்து என்ன செய்வது என்று திகைப்பது, கட்டிய குழுத் தவணையை மறுபடி கட்டப் போவது, தினம் போகும் கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது. சிலருக்கு ஞாபகம் நன்றாக இருக்கும்போதே பேச்சு மட்டும் மாதாமாதம் தேய்வதும் உண்டு. அவர்களையும் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் அம்மா விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது மாத்திரைகளைத்தான். மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுத்தால் உணவிலிருந்து பி12 சத்து உடலில் சேர்வது குறையலாம். சைவ உணவுக்காரர் என்றாலோ, நெஞ்செரிச்சலுக்கு ஒமிபிரசோலும் நெடுநாள் எடுத்தாலோ வாய்ப்பு இன்னும் கூடும். பி12 குறைந்தால் ஞாபகமும் பேச்சும் மந்தமாகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்யலாம். கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு சஷ்டி விரதம் என்று சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கி வியர்த்து, பேச்சு குழறும். அப்போது 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். மயக்கத்தில் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் சளிக்கான குளோர்பெனிரமினும் பகலிலும் மூளையை மந்தப்படுத்தும். ஆனால் தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை பரிசோதனைகளோடு காதையும் பார்க்கச் சொல்லுங்கள். காது மந்தமானால் பேச்சைப் பாதி விட்டுவிட்டு, அதுவே மறதிபோலத் தெரியும். சில வாரங்களுக்கு முன் விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். மெல்லக் கசியும் ரத்தம் மூளையை அழுத்தலாம்.

சர்க்கரை திடீரென இறங்குவதைத் தவிர, இவை எல்லாம் மெல்ல வருபவை. நேற்றுவரை நன்றாகப் பேசியவருக்குத் திடீரெனப் பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அம்மாவைப் பரீட்சை வைப்பதுபோலக் கேட்காதீர்கள். பதற்றத்தில் வருகிற சொல்லும் வராது. பத்து விநாடி காத்திருங்கள். வராவிட்டால் 'சல்...' என்று முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொடுங்கள். வயதினால் வரும் தடுமாற்றத்தில் பெரும்பாலும் இது போதும். எடுத்துக்கொடுத்ததும் வந்ததா, தானாக வந்ததா, வரவே இல்லையா என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதியோடு குறித்து, அதையும் மாத்திரைப் பையோடு கொண்டு போங்கள்.